எட்டு வரி இடம்

இந்த முடிவு ஏன் தவறென்று கருதுகிறீர்கள்?
கேள்விக்குக் கீழே
எட்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.
போதாவிட்டால் தனித்தாள் இணைக்கலாமாம்.

முதல் வரியில் எழுதினேன்:
அவன் இங்கே இல்லை.

அதற்குமேல் என்ன எழுத?
இருக்கிறவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து
இதோ என்று நிறுத்தலாம்.
இல்லாதவனை எங்கே நிறுத்துவது?

அவன் பெயருக்கு வங்கிக் கடிதம் ஒன்று
இந்த முகவரிக்கு வந்ததாம்.
வந்தது.
ஒன்றல்ல, பதினொன்று.
மின்மீட்டர் பெட்டிமேல் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.
அவனைவிட அவன் கடன்களுக்கு விசுவாசம் அதிகம்,
வழி மறக்காமல் வந்துவிடுகின்றன.

ஜூன் ஒன்பதாம் தேதி
பள்ளி வாசலில் என் மகளைத் தூக்கினானாம்.
யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.
தூக்கினான்தான்.
ஃபேயின் பிறந்தநாள் முடிந்து இரண்டு நாள் கழித்து வந்து
தூக்கினான், இறக்கினான்,
வேன் நிறுத்த இடமில்லை என்று போய்விட்டான்.
இதற்குப் பெயர் குடித்தனமா?

தொலைபேசியில் நாற்பத்தேழு நிமிடம் வயலின்.
பிறகு பெவர்லி என்றொருத்தி, சளி கட்டிய குரல்.
சேர்ந்து வாழவில்லை என்பதற்கு
ஆதாரம் ஏதும் இருக்கா, கண்ணு?
(கிரிம்ஸ்பியில் எல்லாருக்கும் எல்லாரும் கண்ணுதான்,
அபராதம் போடுகிறவன்கூட.)
மெத்தையில் ஒரு பக்கம்தான் பள்ளம், என்றேன்,
மறுபக்கம் காயாத துணி.
படம் எடுத்து அனுப்பட்டுமா?
அதெல்லாம் ஏற்கமாட்டார்கள் என்றாள்,
வருத்தமாகத்தான் சொன்னாள்.

மீன் ஆலையில்
ஒன்பதரையிலிருந்து இரண்டு மணிவரை
ஹாடக் துண்டுகளில் முள் தேடுவது என் வேலை.
விரல் பழகிவிட்டது.
அவர்கள் கடிதத்தையும் அப்படியே தடவிப் பார்த்தேன்.
மூன்றாம் பக்கம், இரண்டாம் பத்தியில் குத்தியது:
'இருக்கக்கூடும் என்பதே கூடுதலாகப் பொருந்துவதால்.'
இந்தக் 'கூடும்' மேலே
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு பவுண்டு
ஏறி உட்கார்ந்திருக்கிறது.

வியாழக்கிழமை நூலகத்தில் இலவச ஆலோசனை.
ஹார்கிரீவ் என்ற கிழவர்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
இங்கே இல்லை என்று நிரூபிக்காதே, அம்மா.
வேறெங்கே இருக்கிறான் என்று காட்டு.

அதனால் கிளீதார்ப்ஸுக்குப் பேருந்து ஏறினேன்.
கதவைத் திறந்தவள் கேண்டிஸ்.
தோளில் அவன் நெற்றியோடு ஒரு கைக்குழந்தை.
அவன் வேலைக்குப் போயிருந்தான்,
ஆனாலும் அங்கே இருந்தான்:
கொக்கியில் நான் வாங்கிக்கொடுத்த பச்சைக் கோட்டாக,
குளியலறைக் கதவில் ஈரத் துவாலையாக,
ஓரம் தின்னாமல் விட்ட ரொட்டியாக.
ஓரம் தின்னமாட்டான், எனக்குத் தெரியும்.

சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன்.
அவளோ குழந்தையை என்னிடம் தந்துவிட்டுப்
பேனா தேடினாள்.
உருண்டை உருண்டையான எழுத்து:
பிப்ரவரியிலிருந்து என்னோடு வசிக்கிறார்.
தேதி. கையெழுத்து.

அப்போதுதான் பார்த்தேன்,
சர்க்கரை டப்பாவுக்கு அடியில்
அதே பழுப்பு உறை, அதே முத்திரை.
செல்வி கேண்டிஸ் டோலன்,
தனித்து வாழும் பெற்றோர்.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
கெட்டில் கொதித்து அணைந்தது.
கொண்டுபோ, என்றாள்,
உன்னுதுங்க ரெண்டும் பெருசு, நிறையத் தின்னும்.
குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

இப்போது இரவு பதினொன்று.
இன்னும் ஏழு வரி இருக்கிறது.
எழுதினேன்:
இரண்டு வீட்டிலும் அவன் காசில்
ஒரு பாட்டில் பால் வாங்கியதில்லை.
கேட்டது அதுவல்லவே என்று அடித்துவிட்டேன்.
அடித்ததும் ஒரு வரியைத் தின்றுவிட்டது.

மறுபடி எழுதினேன்:
மின்கட்டண ரசீது இணைத்துள்ளேன்.
ஒரு பெரியவள் குளிக்கும் சுடுதண்ணீர்தான் அதில் இருக்கிறது,
தயவுசெய்து கணக்குப் பார்க்கவும்.

கேண்டிஸின் தாள்
மீட்டர் பெட்டிமேல்,
பதினொன்றோடு பன்னிரண்டாவதாக,
ரப்பர் பேண்டுக்குள்.
கடைசி நாள் வெள்ளிக்கிழமை.
இன்று புதன்.